முப்பத்தொன்றுக்குப் பதில் பதினான்கு

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஒரே ஆபீசில் உட்காரும் வேலை இல்லை. இரண்டு நாள் ஓர் ஆபீஸ், மறுநாள் இன்னோர் ஆபீஸ் என்று லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறாள். தீபாவளிக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். என்னடி என்று கேட்டேன். நாம் பெயரைத்தான் அடிக்கிறோமாம். கம்ப்யூட்டருக்குப் பெயர் புரியாதாம், எண்தான் வேண்டுமாம். பெயரைச் சொன்னால் எண்ணை எடுத்துக் கொடுக்க ஒவ்வொரு ஆபீசிலும் தனி ஏற்பாடு உண்டாம், அதற்கு டி.என்.எஸ். என்று பெயராம். அந்த செட்டிங்கை மாற்றாமல் அடுத்த ஆபீசுக்குப் போய்விட்டால், லேப்டாப் பழைய ஆபீஸ் நினைப்பிலேயே இருந்துகொண்டு உயிரை வாங்குமாம்.

"போன எடத்து நெனப்ப மொதல்ல கழுவி விடணும்மா, அப்பதான் இது வழிக்கு வரும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடி இவளே, நான் எண்பதுகளிலேயே அந்த வேலையைப் பார்த்துச் சம்பளம் வாங்கினவ" என்றேன். அவள் நம்பவில்லை. உட்கார வைத்துச் சொன்னேன். அவள் அப்பா அப்போது கடைக்குப் போயிருந்ததால் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். எழுதும்போது அந்த அதிகப்படியைக் கழித்துவிட்டேன்.

அப்போது நான் தர்மபுரியில் அப்பா அம்மாவோடு இருந்தேன். டெலிபோன் ஆபரேட்டர் வேலை. அதிலும் எனக்கென்று ஓர் ஊர் கிடையாது, லீவு போடுகிறவர்களுக்கு மாற்றாள். பாலக்கோட்டு ஆபரேட்டருக்குப் பிரசவம் என்றால் பாலக்கோடு, காரிமங்கலத்துக்காரருக்கு அம்மை போட்டால் காரிமங்கலம், அரூரில் ஒருவர் தீர்த்தமலைக்குக் குடும்பத்தோடு மொட்டை போடக் கிளம்பினால் அரூர். காலையில் சாப்பாட்டுத் தூக்கையும் ஹெட்போனையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். அடுத்தவர் காதில் கிடந்ததை மாட்டிக்கொள்ள எனக்கு அருவருப்பு, அதனால் ஹெட்போனைப் போகும் ஊருக்கெல்லாம் சுமந்துகொண்டு திரிந்தேன். பஸ்ஸில் யாராவது மேலே உட்கார்ந்துவிடுவார்களோ என்று மடியிலேயே வைத்திருப்பேன்.

எக்ஸ்சேஞ்சு என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். தபால் ஆபீசை ஒட்டி ஓர் அறை, அதில் ஒரு மரப் போர்டு, போர்டு நிறையத் துளைகள். துளைக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு போன். ஊரில் யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றினால் அவர்கள் துளைக்கு மேலே இருக்கும் சின்னத் தகடு டக்கென்று விழும். நான் வயரைச் செருகி, என்ன நம்பர் வேண்டும் என்று கேட்பேன். நம்பர் சொல்லுகிறவர் எங்கள் பக்கம் அபூர்வம். "மண்டி குடும்மா" என்பார்கள். "பெரிய வூடு குடுங்க" என்பார்கள். "எங்க மச்சான் கடைல இருக்காரான்னு பாரு" என்று ஒருவர் கேட்பார். யாருடைய மச்சான் என்று திருப்பிக் கேட்டால் அவருக்கு ரோஷம் வந்துவிடும். பாலக்கோட்டில் ஓர் அம்மாள் கன்னடத்தில் "அங்கடி கொடம்மா" என்பார். எந்தக் கடை என்பதை அவர் குரலை வைத்து நானே தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் அவர்களுடைய பாடு, எண் என்னுடைய பாடு.

இதில் வம்பு என்னவென்றால், எல்லா ஊரிலும் இதே பெயர்கள்தான். ஊருக்கு ஒரு மண்டி, ஒரு டாக்டர், ஒரு ஜவுளிக்கடை. எண் மட்டும் வேறு. அரூரில் இன்னும் மோசம். அங்கே வெறுமனே டாக்டர் என்றால் மாட்டாஸ்பத்திரி. மனிதர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் ஊசி டாக்டர். இது தெரியாமல் அங்கே போன முதல் நாளே, எருமை கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று பதறிய ஒருவரை ஊசி டாக்டரிடம் மாட்டிவிட்டேன். டாக்டரும் திட்டினார், எருமைக்காரரும் திட்டினார். அவசரமாகப் பிடுங்கி மாட்டாஸ்பத்திரியில் செருகி, "மன்னிச்சுக்குங்க, தப்பா குடுத்துட்டேன்" என்றேன். அங்கே எடுத்தவர் மட்டும் திட்டவில்லை. "அதனால என்னாங்க. பதறாதீங்க. எந்த ஊருன்னு சொல்லுங்க, சைக்கிள எடுத்துகிட்டு வரன்" என்றார். எருமைக்காரருக்குச் சொன்னதுதான், ஆனால் எனக்கும் சேர்த்தே பதற்றம் அடங்கியது.

அதன் பிறகு நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த ஊருக்குப் போனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன் போர்டின் முன்னால் நின்று, முதல் துளையிலிருந்து கடைசித் துளை வரை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, இது மண்டி, இது பெரிய வீடு, இது ஜவுளிக்கடை என்று வாய்விட்டுச் சொல்லுவேன். முந்தின ஊர் கையை விட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் கை தன்பாட்டுக்குப் பழைய துளையைத் தேடிக்கொண்டு போகும். மற்ற ஆபரேட்டர்கள் என்னைப் பார்த்து, பூசை முடிந்ததா என்று கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

காரிமங்கலத்தில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். பதினான்காம் எண் டிரங்குப் பெட்டி செய்யும் பாய். தகடு வெட்டி, தட்டி, மடக்கி, நீலமோ பச்சையோ அடித்து, மூடியில் சொந்தக்காரர் பெயரும் ஊரும் வெள்ளை எழுத்தில் எழுதிக் கொடுப்பார். போனில் அவர் குரலுக்குப் பின்னால் எப்போதும் சுத்தியல் சத்தம் கேட்கும். தகடு விஷயமாகச் சேலத்துக்குப் பேசுவார். "மத்தவங்களுக்குக் குடுத்துட்டு அப்பறமா குடும்மா, எனக்கு அவசரமில்ல" என்பார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, அவரும் என்னைப் பார்த்ததில்லை.

முப்பத்தொன்று ஜவுளிக்கடை முதலாளி. அவர் நேர் எதிர். ஒரு சந்தை நாள், சேலத்து லைனுக்கு ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். அவரோ தனக்குத்தான் முதலில் வேண்டும் என்கிறார். உங்களுக்கு முன்னால் ஆள் இருக்கிறது, வரிசைப்படிதான் என்றேன். "நான் யாருன்னு தெரியுமா?" என்று சத்தம் போட்டார்.

"தெரியுங்க. முப்பத்தொண்ணு" என்றேன்.

அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் ஆகாது. எனக்கு முன்கோபம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பதிலைத்தான் சொல்லுவேன்.

இப்படி இருக்கும்போது அரூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு மாட்டாஸ்பத்திரியில் வேலை. இதைக் கேட்டதும் என் காது நிமிர்ந்தது. அங்கே வேலை செய்தவர்கள் மூன்று பேர். சைக்கிளை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்ற குரல் இவருடையதாக இருக்க வேண்டுமே என்று ஆசைப்பட்டேன். அப்பாவிடம் இதைச் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டேன்.

ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான் ஒப்பவில்லை. இது என்ன வேலை, வாரத்துக்கு ஓர் ஊர், நாள் முழுக்க முன்பின் தெரியாத ஆம்பளைகளோடு பேச்சு, கல்யாணத்துக்கு முன்னாலேயே வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நான் விடமாட்டேன் என்று குதித்தேன். எனக்கு அந்த மாப்பிள்ளையும் வேண்டும், வேலையும் வேண்டும். இதில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் நியாயமா?

"மொதல்ல அவங்க விசாரிக்கட்டும். அதுக்கப்பறம் நீ குதிக்கலாம்" என்றார் அப்பா.

எங்கள் பக்கம் பெண் எடுப்பதற்கு முன் நாலு இடத்தில் விசாரிக்காமல் யாரும் அடுத்த அடி வைக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் விசாரித்தாகிவிட்டது. ஆனால் நாளெல்லாம் வேறு ஊரில் இருக்கும் பெண்ணைப் பற்றித் தெருவில் என்ன தெரியும்? வேலை செய்யும் இடத்தில் கேட்க வேண்டும். காரிமங்கலம் ஜவுளிக்கடை முதலாளி மாப்பிள்ளை வீட்டுக்குப் பழக்கமாம். அவரிடம் மாப்பிள்ளையே போனில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லை அவர்களுக்கு. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

அந்தக் காலையில் தர்மபுரியை விட்டுக் கொஞ்ச தூரத்தில் பஸ் டயர் பஞ்சர். அதற்கு முன் ஒரு மாதமாக நான் பாலக்கோட்டில் இருந்தேன். காரிமங்கலத்துக்கு அன்றுதான் மாற்றம். போய்ச் சேர்ந்தபோது எனக்கு முந்தின டூட்டிக்காரர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். போர்டில் தகடுகள் சடசடவென்று விழுந்துகொண்டிருக்கின்றன. தொட்டுச் சொல்லவெல்லாம் நேரமில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தர்மபுரி எக்ஸ்சேஞ்சு அக்கா கூப்பிட்டார். "அரூர் கால் ஒண்ணு வருது. ஜவுளிக்கடை குடும்மா." கொடுத்தேன். மணி அடித்தது, அந்தப் பக்கம் எடுத்தார்கள், அலோ என்ற குரல் கேட்டது, நான் அடுத்த தகட்டுக்குப் போய்விட்டேன். அன்றைய கூட்டத்தில் யாருடைய குரல் என்றுகூட நான் கவனிக்கவில்லை.

அந்தக் கால் முடிந்ததும் பதினான்காம் எண்ணின் தகடு விழுந்தது. டிரங்குப் பெட்டி பாய்.

"அம்மா, ஒரு நல்ல சேதி. அரூர்லேர்ந்து ஒருத்தரு உன்னப் பத்தி விசாரிச்சாரு. கல்யாண விசயம் போல" என்றார்.

"உங்களுக்கு அரூர் கால் எதுவும் வரலைங்களே பாய்" என்று சொல்லிக்கொண்டே போர்டைப் பார்த்தேன். அரூர் கால் பேசிய வயர் இன்னும் பதினான்கில் தொங்கிக்கொண்டிருந்தது. பாலக்கோட்டில் ஜவுளிக்கடைக்குப் பதினான்கு. என் கை ஒரு மாதப் பழக்கத்தில் போய் அங்கே செருகியிருக்கிறது.

"கடைங்களான்னு கேட்டாரு. ஆமாங்க, கடைதான்னு சொன்னன். எக்ஸ்சேஞ்சுல மாத்தி மாத்தி வர்ற பொண்ணத் தெரியுமான்னாரு. தெரியாம என்னாங்க, ஆனா பாத்ததில்ல, குரல்தான் தெரியும்னன்."

"வேற என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னன். கோவக்காரப் பொண்ணுங்க, ஆனா பெரிய ஆளு சின்ன ஆளுன்னு பாக்காது, வரிசைப்படிதான் குடுக்கும். இத்தினி நாள்ல ஒரு தடவகூட தப்பு லைன் குடுத்ததில்லீங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டன்."

தப்பு லைன் கொடுத்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"வேலைய வுட்டுருவாங்களான்னு கேட்டாரும்மா. அத அவங்ககிட்டயே கேளுங்க, வுட்டா எங்க ஊருக்குத்தான் நஷ்டம்னு மட்டும் சொன்னன். நான் சொன்னது சரிதான?"

சரிதாங்க பாய் என்றேன். அவ்வளவு சந்தோஷமாகப் பேசுகிறவரிடம் கால் உங்களுக்கு வந்ததே இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் அப்பா தலையில் கைவைத்தார். ஜவுளிக்கடைக்காரரோடு எனக்கு இருந்த சண்டை அவருக்கும் தெரியும். "அந்தாளு உன்னப் பத்தி நல்லது சொல்ல மாட்டாருன்னு நீ வேணும்னே லைன மாத்திக் குடுத்ததா அவங்க நெனச்சா?" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு சோறு இறங்கவில்லை. வேலையை விடமாட்டேன் என்று குதித்தவளுக்கு இப்போது இரண்டும் போய்விடும் போலிருந்தது. வேலையில் ஏமாற்றுகிறவள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் எந்த எக்ஸ்சேஞ்சில் உட்கார வைப்பார்கள்? அரூரிலிருந்து ஒரு தகவலும் இல்லாமல் நாள்கள் போயின. ஒவ்வொரு முறை தர்மபுரி அக்கா அரூர் என்று சொல்லும்போதும், யாருக்கு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வயரைச் செருகினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வந்தார்கள். நான் தலையைக் குனிந்தபடி காபித் தட்டை நீட்டினேன். "அதனால என்னாங்க, மொதல்ல பெரியவங்களுக்குக் குடுங்க" என்றார் மாப்பிள்ளை. எருமைக்காரருக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பிய அதே குரல். தட்டிலிருந்த டம்ளர்கள் ஆடின. எல்லோரும் வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பெண்ணோடு தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார். அந்தக் காலத்தில் அது கொஞ்சம் துணிச்சல்தான். எங்கள் வீட்டுப் பக்கத்துச் சந்தில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றோம். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். "நான் வேணும்னு மாத்திக் குடுக்கலைங்க. அன்னைக்குப் போர்டத் தொட்டுச் சொல்ல நேரமில்ல, கை பாலக்கோட்டு நினைப்புல இருந்துச்சு."

"எனக்குத் தெரியுங்க" என்றார். "பேசிகிட்டிருக்கும்போதே பின்னாடி டங்கு டங்குன்னு சுத்தியல் சத்தம். ஜவுளிக்கடைல எதுக்குடா சுத்தியல்னு யோசிச்சன். உங்களுது என்ன கடைங்கன்னு கேட்டன். டிரங்குப் பெட்டிங்க, கல்யாணத்துக்கு ஒண்ணு வேணுமான்னாரு."

"அப்பவே போனை வச்சிருக்கலாமே?"

"எப்படிங்க வைக்கறது? அவரு, இந்தப் பொண்ணு தப்பு லைன் குடுத்ததே இல்லீங்கன்னு அடிச்சுச் சொல்றாரு. நான் தப்பு லைன்ல ஒக்காந்து அதக் கேட்டுகிட்டிருக்கன். சிரிப்ப அடக்கறதுக்குள்ள உசிரு போச்சு." சொல்லிவிட்டு அங்கேயும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். உள்ளே கேட்டிருக்கும், கேட்கட்டும்.

பிறகு பயத்தோடு கேட்டேன், ஜவுளிக்கடைக்குப் பேசவே இல்லையா என்று.

"மறுநாள் சாயங்காலம், உங்க டூட்டி முடிஞ்சப்பறம் பேசினன். நான் யாருன்னு தெரியுமான்னு கேட்டதுக்கு முப்பத்தொண்ணுன்னு சொன்ன பொண்ணுங்க அது, நல்லா யோசிச்சுக்குங்கன்னு சொன்னாரு."

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சன். அதான் வந்தன்."

அந்த நிமிஷத்தில் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இத்தனை வருஷம் கழித்தும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் வேலை விஷயத்தைக் கேட்காமல் விடக்கூடாது என்று கேட்டேன். "நான் ஊரு ஊராப் போயி மாட்டுக்கு ஊசி போடறன், என்னைய யாரும் ஒரே எடத்துல ஒக்காருன்னு சொல்லலீங்களே" என்றார். ஆனால் அவர் அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்கிறாராம். பேசிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சந்தோஷத்துக்கு நடுவில் அது ஒரு முள்ளாக இருந்தது.

கல்யாணம் தர்மபுரியில் நடந்தது. டிரங்குப் பெட்டி பாய்க்கு நானே பத்திரிகை அனுப்பியிருந்தேன். மாலையும் கழுத்துமாக இருக்கும்போது பந்தியில் யாரோ வரிசை தப்பி முண்டியடிக்க, முன்னால் வந்தவர்களை உட்காரவிடுங்கள் என்று என்னையறியாமல் ஒரு சத்தம் போட்டுவிட்டேன். பந்தல் ஓரத்தில் கையில் எதையோ வைத்துக்கொண்டு நின்ற ஒரு நரைத்த தாடிக்காரர் சட்டென்று திரும்பி, "இதே கொரல்தான்!" என்றார். அப்படித்தான் நாங்கள் முகம் பார்த்துக்கொண்டோம்.

அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. சீர்வரிசையில் வைக்கும் பெரிய டிரங்கு இல்லை, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. உள்ளே குறுக்கே ஒரு தகடு வைத்துத் தடுத்திருந்தார். ஒரு பக்கம் சாப்பாட்டுத் தூக்கு, மறு பக்கம் ஹெட்போன். நான் மடியில் வைத்துக்கொண்டு திரிகிற கதையை எப்போதோ லைனுக்குக் காத்திருக்கும்போது அவரிடம் சொல்லியிருக்கிறேன். மூடியில் வெள்ளை எழுத்தில் என் பெயர். அதற்குக் கீழே ஊர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

என் மாமியார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரு போட்டீங்க, ஊரு போடலையே? அரூர்னு எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

"எழுதலாங்கம்மா" என்றார் பாய் பணிவாக. "ஆனா இந்தப் பொண்ணு ஒரு நாளைக்கு எங்க ஊரு, ஒரு நாளைக்கு இன்னொரு ஊரு. நான் ஒண்ண எழுதிப்புட்டா மத்த ஊருக்காரங்க சண்டைக்கு வருவாங்களே. அதான் எடத்த வுட்டு வச்சிருக்கன்."

மாமியார் பெட்டியை என்னிடம் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. வேலைப் பேச்சை எடுக்க அதன் பிறகு எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்யாண லீவு முடிந்த அன்று எழுந்து, எதையும் கேட்காமல் கிளம்பிவிடுவது, தடுத்தால் பார்த்துக்கொள்வது என்ற முடிவோடு சமையல்கட்டுக்குப் போனேன். மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்தப் பெட்டி திறந்திருந்தது. தடுப்புக்கு ஒரு பக்கம் ஹெட்போனைச் சுற்றி வைத்துவிட்டு, மறு பக்கம் தூக்கை இறக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு எந்த ஊரு?" என்றார் நிமிராமலே.

"காரிமங்கலங்க அத்தை."

மூடியைச் சாத்திப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "தூரம் இருக்குது, வெரசா கெளம்பு. போனதும் மொதல்ல போர்டத் தொட்டுப் பாத்துட்டு அப்பறமா ஒக்காரு. முப்பத்தொண்ணுக்குப் பதிலா பதினாலக் குடுத்துராத."